நான்கு கதவுகளிலும் ஒரே குரல்

அத்தை காலமானதிலிருந்து கடையில் பாட்டு போடுவதில்லை.

கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் கடையில் பாட்டு இல்லையென்றால் ஓட்டலில் அடுப்பு எரியாத மாதிரிதான். ஆனாலும் மாமனார் போடச் சொல்லவில்லை, மருமகளும் போடவில்லை. மாட்டி முடித்த ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்க்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. பிறகு இருவரும் வாயைத் திறக்காமல் அடுத்த வண்டியைப் பார்ப்பார்கள்.

தெருவில் மருமகளுக்கு ஸ்பீக்கரம்மா என்று பேர். நாலு வார்த்தை பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவளுக்கு இப்படி ஒரு பேரா என்று பக்கத்து டயர் கடைக்காரர் கேலி செய்வார். இந்த ஒரு மாதமாக அவரும் கேலியை விட்டுவிட்டார்.

அவள் புருஷன் வீட்டை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. அப்பாவுக்கும் மகனுக்கும் வந்தது பெரிய சண்டைகூட இல்லை. கடையைப் பெரிதாக்கலாம் என்றான் மகன். இருப்பதே போதும் என்றார் அப்பா. பேச்சு தடித்தது. “இஷ்டமில்லன்னா போயேன்டா” என்று அவர் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கிளம்பியவன்தான். வேலை கிடைத்ததும் வந்து கூட்டிப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனான். முதலில் வாரத்துக்கு ஒரு போன் வந்தது. அப்புறம் மாதத்துக்கு ஒன்று. அப்புறம் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று யாரோ ஒரு பெண் சொன்னாள்.

மாமனாருக்குக் கை நடுக்கம் வந்தபோது அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை அவள் வாங்கினாள். திருப்பிக் கொடுக்கவே இல்லை. அத்தை சாகும்போது மகனைக் கேட்டாள். எங்கே என்று தேடுவது? தெரிந்தவர்களையெல்லாம் விசாரித்தும் துப்பு கிடைக்கவில்லை. போன வாரம் அவளுடைய அண்ணன் வந்து, இனி இந்த வீட்டில் உனக்கு யார் இருக்கிறார்கள், என்னோடு வந்துவிடு என்று கூப்பிட்டபோது, அவள் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

இப்படி இருந்த கடைக்குத்தான் அன்று வெயில் ஏறும் நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.

ஓட்டி வந்தவள் சின்னப் பெண். முப்பதைத் தொட்டிருக்க மாட்டாள். பின்சீட்டில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. இறங்கி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே, கம்பெனியிலிருந்து வந்த ஸ்பீக்கர் கரகரவென்று இரைகிறது, மாற்ற வேண்டும் என்றாள். கேட்காமலேயே முழுக் கதையும் சொன்னாள். வீட்டுக்காரருக்கு மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. இந்தக் குழந்தை காரில் பாட்டுப் போட்டால்தான் தூங்குகிறது. வீட்டுக்காரர் ஊரின் அந்தக் கோடியில் ஒரு கடையைச் சொல்லி, அங்கேதான் போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அங்கே போனால் நாளைக்கு வா என்றுவிட்டார்கள். திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் விசாரித்தாள். அவர்கள் இந்தக் கடைக்குக் கைகாட்டினார்கள்.

“அவர் சொன்ன கடைக்குப் போகலன்னு தெரிஞ்சா முணுமுணுப்பார். ஆனா நாளைக்கும் யார் அலையறது, சொல்லுங்கக்கா?”

மருமகள் குழந்தையைக் கிடத்த சோபாவைக் காட்டினாள். டிரைவர் பக்கக் கதவிலிருந்து வேலையை ஆரம்பித்தாள். கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, பிளாஸ்டிக் தகட்டை இடுக்கில் விட்டு நெம்ப, உள்பலகை ‘டப் டப்’பென்று கிளிப்பை விட்டு விலகியது. உள்ளே இருந்த ஸ்பீக்கர் வெறும் காகிதக் கூம்பு. பின்னால் ஜாடி மூடி அளவுக்கு ஒரு காந்தம். கார் கம்பெனிக்காரன் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுக் கடைசியில் பாட்டில்தான் மிச்சம் பிடிப்பான் என்று மாமனார் வழக்கமாக ஒரு ஜோக் சொல்வார். அன்று சொல்லவில்லை.

அந்தப் பெண் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தாள். ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் போதாதாம். கதவுத் தகரத்துக்கு உள்பக்கம் கனமான ஷீட் ஒட்டச் சொன்னாராம் வீட்டுக்காரர். இல்லாவிட்டால் ஸ்பீக்கரோடு சேர்ந்து தகரமும் பாடுமாம்.

“அவருக்கு இந்த வேலை தெரியுமா?” என்று கேட்டாள் மருமகள்.

“அத்துப்படி. ஆனா ஒரு ஸ்க்ரூவைத் தொடச் சொல்லுங்க, தொட மாட்டார். எதிர் வீட்டுப் பையன் கார்ல டமடமன்னு வச்சிட்டுப் போனா மட்டும் கோவம் வந்துடும். சத்தம் வேற, பாட்டு வேறன்னு புலம்புவார்.”

ஷீட்டை அளந்து வெட்டிக்கொண்டிருந்த மாமனாரின் கத்தரி பாதியில் நின்றது.

அது அவருடைய வார்த்தை. இன்னும் சத்தமாக வேண்டும் என்று வரும் ஒவ்வொருவரிடமும் அவர் சொல்லும் வார்த்தை. சத்தம் வேற, பாட்டு வேற. மருமகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பார்வையை விலக்கிக்கொண்டார்கள்.

எத்தனையோ பேர் இந்தக் கடைக்கு வந்து போயிருக்கிறார்கள். யாராவது கேட்டுவிட்டுப் போய் அங்கே இங்கே சொல்லியிருப்பார்கள். அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஷீட்டைத் தகரத்தில் வைத்து உருளையால் தேய்த்தாள். தேவைக்கு மேலேயே தேய்த்தாள்.

அந்தப் பெண்ணுக்குப் பேசாமல் இருக்கத் தெரியவில்லை. “மாமான்னு கூப்பிடறீங்க, மருமகளா? நான் பொண்ணுன்னு நினைச்சேன்” என்றாள். உங்க வீட்டுக்காரர் எங்கே என்றாள். வெளியூரில் என்று மருமகள் சொன்னாள். சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்து, அம்மா முகத்திலேயே சிரிப்பு இருக்கிறது என்றாள். மாமனார் தலையைத் தூக்காமல், “என் வீட்டுக்காரி. போன மாசம் தவறிட்டா” என்றார். அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பகல் சாயத் தொடங்கும்போது நான்கு கதவுகளும் முடிந்தன. நடுவில் எழுந்து பிஸ்கட் தின்றுவிட்டு மறுபடி தூங்கிப்போன குழந்தையைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்துவிட்டு, அந்தப் பெண் முன்னால் உட்கார்ந்து தன் போனிலிருந்து ஒரு பாட்டைப் போட்டாள். பின்பக்கம் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க, மாமனார் குழந்தையின் தலைமாட்டில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

பாட்டு தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் கனம் இல்லை. வயிறில்லாத ஆள் பாடுகிற மாதிரி இருந்தது.

“இடது முன் கதவுல பிளஸ் மைனஸ் மாறிப் போச்சும்மா” என்றார் மாமனார்.

ஒரு ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுத்தால், ஒன்றை ஒன்று தின்றுவிடும். தொழிலுக்கு வந்த புதிதில்கூட அவள் இந்தத் தப்பைச் செய்ததில்லை. போய் இடது கதவின் அருகே மண்டியிட்டாள். பலகையைக் கழற்றினாள். ஒயரை மாற்றிச் செருகினாள். பாட்டுக்கு வயிறு வந்தது. திருப்தியில் அந்தப் பெண் தலையாட்டினாள்.

அப்போதுதான் பாட்டு நின்று மணி அடித்தது. போன் காருடன் இணைந்திருந்ததால் நான்கு கதவுகளிலிருந்தும் அடித்தது. அந்தப் பெண் திரையைத் தொட்டாள்.

“எங்க இருக்க?”

ஆறு வருஷத்தில் குரல் கொஞ்சம் தடித்திருந்தது. அவ்வளவுதான். பலகையை ஏந்திக்கொண்டிருந்த மருமகளின் கைக்குள் அந்தக் குரல் அதிர்ந்தது. அவள் பின்சீட்டைப் பார்க்கவில்லை. பார்க்கத் தெம்பு இல்லை.

“இன்னும் கடையிலதாங்க. முடிஞ்சுபோச்சு. கோவிச்சுக்காதீங்க, நீங்க சொன்ன கடையில நாளைக்குன்னுட்டாங்க. இது வேற கடை.”

“எந்தக் கடை?”

“மேம்பாலம் இறங்கின உடனே வருமே, டயர் கடைக்குப் பக்கத்துல. ஒரு பெரியவரும் அவர் மருமகளும் நடத்தறாங்க. அந்த அக்காதான் மொத்த வேலையும் பாக்கறாங்க.” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பாவங்க. பெரியவரோட வீட்டம்மா போன மாசம் தவறிட்டாங்களாம். ரெண்டு பேரும் முகமே கொடுத்துப் பேசல.”

பழைய ஸ்பீக்கராக இருந்தால் அதற்குப் பிறகு வந்தது யாருக்கும் கேட்டிருக்காது. இரைச்சலோடு இரைச்சலாகப் போயிருக்கும். புதியது எதையும் மறைக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்வது கேட்டது. யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்டது. மூச்சு ஒன்று உள்ளே போனது. வெளியே வரவில்லை.

“யாரு... யாரு தவறினது?”

“அந்தப் பெரியவரோட வீட்டம்மாங்க. ஏங்க, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

மேம்பாலத்தின்மேல் ஒரு லாரி போய் முடிந்தது.

“இல்ல” என்றது குரல். பிறகு, “எனக்கு வேலை இருக்கு. நீ பாத்து வா” என்றது. கடைசி வார்த்தை உடைந்திருந்தது. அழைப்பு அறுந்தது. விட்ட இடத்திலிருந்து பாட்டு தானாகவே மறுபடி ஒலிக்க ஆரம்பித்தது.

“அதை நிறுத்தும்மா” என்றார் மாமனார்.

அந்தப் பெண் நிறுத்தினாள். அவருடைய கை குழந்தையின் தலைக்கு மேல், தொட்டும் தொடாமலும் இருந்தது. நடுங்கும் கை. எழுப்பிவிடும் என்று பயந்தோ என்னவோ, மடியில் வைத்துக்கொண்டார்.

“குழந்தைக்கு என்னம்மா பேரு?”

அந்தப் பெண் சொன்னாள். அது அத்தையின் பேர். அப்படியே, ஒரு எழுத்து மாறாமல்.

“பழைய பேரா இருக்கேன்னு எல்லாரும் கேக்கறாங்க. அவர்தான் பிடிவாதமா வச்சார்” என்று அவளே சேர்த்துச் சொன்னாள்.

மாமனார் மெதுவாக இறங்கினார். பின்கட்டுக்குப் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்கவில்லை.

“அக்கா, நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா? பெரியவர் மனசு கஷ்டப்படற மாதிரி?”

மருமகள் பலகையைக் கதவில் பொருத்தினாள். ஒவ்வொரு கிளிப்பாக உள்ளங்கையால் தட்டி உட்கார வைத்தாள். சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம்தான். உன் வீட்டுக்காரர்தான் என் வீட்டுக்காரர் என்று சொன்னால் முடிந்தது. அந்தப் பெண்ணின் கண்ணில் கள்ளம் இல்லை. தனக்குத் தெரியாத யாரோ ஒருவரின் துக்கத்துக்காக அது கலங்கியிருந்தது. பின்சீட்டில் குழந்தை புரண்டு படுத்தது.

“ஒண்ணுமில்லம்மா” என்றாள் மருமகள். “அவருக்கு ஞாபகம் வந்துடுச்சு. அவ்வளவுதான்.”

கார் போன பிறகு அவள் சாமான்களை எடுத்து வைத்தாள். கழற்றிய பழைய ஸ்பீக்கர்களை அட்டைப் பெட்டியில் போட்டாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. மனசு ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. யார் தவறியது என்று கேட்டான். தெரிந்தவர்களா என்றதற்கு இல்லை என்றான். மருமகள் என்ற வார்த்தையும் அவன் காதில் விழுந்ததுதானே? அதைப் பற்றி அவன் ஒன்றுமே கேட்கவில்லை. செத்துப்போன அம்மாவுக்காகவாவது அவனுக்கு மூச்சு நின்றது. உயிரோடு இருப்பவளுக்கு அதுவும் இல்லை.

மாமனார் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

“பேத்திம்மா அது.”

“தெரியும் மாமா.”

“பெத்தவ செத்துட்டான்னு கேட்டும் தெரியாதுன்னுட்டான்.”

“பொண்ணுக்கு அத்தை பேரைத்தானே வச்சிருக்கார். மறந்தவங்க அப்படி வைக்க மாட்டாங்க.”

சொல்லி முடித்த பிறகுதான், தான் யாருக்காகப் பரிந்து பேசுகிறோம் என்று அவளுக்கே உறைத்தது. மாமனாருக்கும் உறைத்திருக்க வேண்டும். அவர் அவளையே பார்த்தார்.

“நான் ஒருத்தன், என் புண்ணையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். உனக்கு என்ன பதில் சொல்லுவேன்?”

“நீங்க ஏன் சொல்லணும்?” என்றாள் அவள். மத்தியானத்துக்குக் கொண்டுவந்த டிபன் கேரியரைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். இருவருமே அதைத் தொடவில்லை.

வேறு வண்டி எதுவும் வரவில்லை. டயர் கடைக்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்தார். இரண்டு முகங்களையும் கண்டு, எதற்கு வந்தோம் என்று மறந்தவர் போலத் திரும்பிப் போய்விட்டார்.

தெரு விளக்குகள் எரியத் தொடங்கிய நேரத்தில் மாமனார்தான் முதலில் பார்த்தார்.

எதிர்ச் சாரியில், மருந்துக் கடை ஓரமாக அவன் நின்றிருந்தான். ஆபீசிலிருந்து அப்படியே வந்திருந்தான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. முன்நெற்றியில் முடி ஏறியிருந்தது. கடையைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக நின்றான். தெருவைத் தாண்டவில்லை.

மாமனார் எழுந்திருக்கவில்லை. குரல் மட்டும் வந்தது.

“இந்தக் கடை என் பேர்ல இருக்கலாம். ஆறு வருஷமா இதைத் தாங்கினது நீ. அவன் உள்ள வரணுமா வேணாமான்னு நீ சொல்லு. வேணாம்னா வேணாம். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.”

கடைசி வாக்கியம் பொய். அதைச் சொல்லும்போது அவருடைய இரண்டு கைகளும் ஸ்டூலின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தன.

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். தெருவைத் தாண்டிப் போனாள்.

அவள் வருவதைப் பார்த்ததும் அவன் ஓர் அடி பின்னால் வைத்தான். பிறகு நின்றான். அவளுடைய கையில் ஒட்டியிருந்த கறுப்புப் பசையைப் பார்த்தான். முகத்தை உடனே பார்க்கவில்லை.

“நீ இன்னும் இங்கயா இருக்க?” என்றான்.

ஆறு வருஷம் கழித்து முதல் பேச்சு. அவள் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்ததுண்டு. அழுவான் என்று, கோபப்படுவான் என்று, பேசவே மாட்டான் என்றுகூட. இப்படி ஆச்சரியப்படுவான் என்று அவளுக்குத் தோன்றியதில்லை.

“வேற எங்க போயிருக்கணும்?”

அவன் கண்ணில் நீர் திரண்டு வழிந்தது. துடைக்கவும் இல்லை. “அம்மா...” என்று ஆரம்பித்தான். மேலே வரவில்லை.

“கஷ்டப்படல. தூக்கத்துலதான் உயிர் போச்சு” என்றாள் அவள். அது உண்மை. அதற்கு முந்தின வாரம் முழுக்க அத்தை வாசல் பக்கமே திரும்பிப் படுத்திருந்ததும் உண்மைதான். அதை அவள் சொல்லவில்லை. “மாமா உள்ள இருக்கார். போங்க.”

அவன் நகர்ந்தான். அவள் மறித்து நிற்கவில்லை. ஆனால் பேசி முடிக்கவும் இல்லை.

“அடுத்த வாரம் வண்டியைக் கொண்டு வரச் சொல்லியிருக்கேன். கொஞ்சம் ஓடின பிறகு ஸ்க்ரூ எல்லாம் இறுக்கணும். அவங்க வருவாங்க. வந்தா, அக்கான்னு கூப்பிட்டுப் பக்கத்துலயே நின்னு பேசுவாங்க. இன்னிக்கு என்னைக் கேட்டாங்க, ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பினேன். இன்னொரு தடவை என்னால சொல்ல முடியாது. அதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க.”

அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்றா, முடியாது என்றா, அவளுக்குப் புரியவில்லை. தெருவைத் தாண்டினான். கடைக்கு முன்னால் வந்ததும் செருப்பைக் கழற்றினான். அந்தக் கடைக்குள் இதுவரை யாரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனதில்லை.

அவள் அந்தப் பக்கமே நின்றாள். பஸ் ஒன்று குறுக்கே வந்து, போனது. மாமனார் எழுந்து நின்றிருந்தார். அவன் போட்டோவுக்கு முன்னால் போய் நின்றான். அவர் ஏதோ சொன்னார். அவன் அப்படியே மடிந்து தரையில் உட்கார்ந்தான். அவர் குனிந்து அவனை எழுப்பப் பார்த்தார்; முடியவில்லை. அவரும் அவனருகே உட்கார்ந்துவிட்டார். இங்கிருந்து எதுவும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து வாசலுக்கு வந்தார். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்று நினைத்தாரோ, வேறு எதையாவது நினைத்தாரோ. தலைக்கு மேலே கையை நீட்டி ஷட்டரைப் பிடித்து இழுத்தார். எதிர்ச் சாரியில் நிற்கும் அவளை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. கறகறவென்று இறங்கிய தகரம் இடுப்பளவில் நின்றது. கீழே தெரிந்த வெளிச்சத்தில் அப்பாவின் கால்களும் மகனின் கால்களும் மட்டும் இருந்தன.

அவள் கையில் கடைச் சாவி இல்லை. வீட்டுச் சாவியும் உள்ளேதான் இருந்தது.